மூன்றாவது பொத்தான்

அத்தியாயம் பதினொன்று

ஊசியக்கா செருப்பை இடம் வலமாக மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள்.

மூன்றாவது படியில்தான் அது தெரிந்தது. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று மாற்றினாள். ஒரு நாளைக்கு அறுபது பொத்தான் தைக்கிற கை, கண்ணாடி போடாமலேயே ஊசிக்காதில் நூல் கோக்கிற கை, செருப்பு வாரைப் பிடிக்க முடியாமல் திணறியது.

"என்னங்க, எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம். உடனே ஆம்புலன்ஸ் அனுப்புவாங்க. அதையும் நானேதான் ஓட்டிட்டு வரணும்," என்றார் அவள் கணவர்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சொன்னவரே சிரிக்கவில்லை. இருபது வருஷமாக ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். எந்த ரத்தத்தைப் பார்த்தும் முகம் மாறாதவர். இன்றைக்குச் சவரம் செய்யும்போது தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிப் படிக்கட்டிலிருந்து கைப்பிடியைத் தாண்டி விழுந்து செத்துப்போனாள் ஒரு பயிற்சி நர்ஸ். எப்போதும் சிரித்த முகம் என்பதால் எல்லாருக்கும் அவள் 'சிரிப்பு'. இறுக மூடியிருந்த அவள் கையை விரித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. நான்கு துளை. துளையில் பிய்ந்த நூல்.

லிஃப்ட் ஓட்டுகிறவனின் சீருடைக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. நாள் முழுக்க மேலேயும் கீழேயுமாகப் போய்வந்து 'மேலேகீழே' என்று பெயர் வாங்கியவன், எட்டு மாதமாக ஒரே தளத்தில், கம்பிக்குப் பின்னால் இருக்கிறான்.

ஆனால் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கும் அதே பொத்தான்தான். ஒரே தையல்கடை, ஒரே பெட்டிச் சரக்கு. மேலேகீழேயின் வக்கீலம்மா போன வாரம் இதைக் கோர்ட்டில் சொன்னபோதுதான் வழக்கு வேறு பக்கம் திரும்பியது. அன்று மாலை நாலாவது மாடியில் இருந்த நான்கு டாக்டர்களின் கோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. நான்கும் வந்தன. நான்கிலும் எல்லாப் பொத்தானும் ஒழுங்காக இருந்தன.

"பிய்ந்ததைப் பிறகு தைத்திருந்தால்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அந்த ஆஸ்பத்திரியில் பொத்தான் தைக்கிறது ஒரே ஒரு ஆள்தான். அந்த அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே," என்றார் அரசு வக்கீல்.

அந்த ஒரே ஒரு ஆள் ஊசியக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மூலையில், துவைத்துக் காய்ந்த துணி மலைக்கு நடுவே இருக்கிற தையல் மேசை அவளுடையது. பதினாறு வருஷமாக.

அவளுக்குத் தெரிந்து அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தையலுக்கு வருகிற ஒவ்வொரு துணியோடும் ஒரு சீட்டு வரும். எந்த மாடி, எந்த நம்பர், எங்கே கிழிசல் என்று அதில் இருக்கும். தைத்து முடித்ததும் சீட்டைக் கம்பியில் குத்திவைப்பாள். செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமைச் சீட்டுகளை ஒன்றுக்கு மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள். பொத்தான் இல்லாத டாக்டர் கோட்டு ஒன்றுகூட வரவில்லை.

அப்படியிருந்தும் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை பயம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பஸ்ஸில், இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கோட்டெல்லாம் உன் கையில குடுப்பாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். குடுத்தா வாங்காத. தள்ளி நின்னே பாத்துட்டு, ஆமாங்க டாக்டர் கோட்டுதாங்கன்னு சொல்லிட்டு இறங்கிடு."

"ஏன், கோட்டு கடிச்சிடுமா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிச்சாலும் கடிக்கும்," என்றார்.

*

கோர்ட்டு வாசலில் குட்டி காத்திருந்தாள். ஒரே மகள். அதே ஆஸ்பத்திரியில் கடைசி வருஷப் பயிற்சி. இரண்டு வருஷம் சிரிப்போடு ஒரே அறையில் இருந்தவள். விடுதியிலிருந்து நேராக வந்திருந்தாள். தோள்பையைத் தோளில் மாட்டாமல், குழந்தையைப் பிடிப்பது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாடி?"

"பசிக்கல."

"ஹால் டிக்கெட்?"

"இன்னும் தரல. எல்லாருக்கும் குடுத்தாச்சு. எனக்கு மட்டும், உங்கம்மா சாட்சி முடியட்டும்னாங்க."

பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள். ஊசியக்கா மகளின் தலைமுடியை ஒதுக்கிவிடக் கை நீட்டினாள். குட்டி லேசாக விலகினாள்.

"ஒரே வரிம்மா. சொல்லிட்டு இறங்கிடு. வேற எதுவும் பேசாத."

"உன் ரூம்ல இருந்தவடி அவ. உன் தட்டுல சாப்பிட்டவ."

"இருந்தா. இப்ப இல்ல." குட்டியின் குரல் உடைந்தது. "நான் இருக்கேன்ல?"

ஊசியக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பெற்ற பெண் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

விசாரணை அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட்டின் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் பையும் கையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். மேலேகீழேயின் மனைவி. பைக்குள் மடித்த சட்டை ஒன்று.

"அவரு இருந்திருந்தா இந்நேரம் ஒரு உதை விட்டு ஓட வெச்சிருப்பாரு," என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு ஊசியக்காவை அடையாளம் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா, நீங்கதானே அந்தத் தையல் மேசை?"

"ஆமாம்மா."

"அவர் கோட்டுல பொத்தான் போனது அதுக்கு ஒரு மாசம் முன்னாடிக்கா. உங்ககிட்ட குடுத்துத் தச்சுக்கோங்கன்னு நான்தான் தினமும் நச்சரிச்சேன். லிஃப்ட்காரனுக்கெல்லாம் சீட்டு குடுக்கமாட்டாங்கடின்னாரு. டாக்டருக்கும் நர்சுக்கும்தான் சீட்டாமே?"

ஊசியக்கா தலையசைத்தாள். அது உண்மை. ஒப்பந்த ஆட்களுக்குச் சீட்டு கிடையாது. லிஃப்ட், துப்புரவு, காவல் எல்லாரும் ஒப்பந்தம். அந்த விதியை யார் போட்டது என்று பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

"ஒரு பொத்தான்க்கா. நானாவது உக்காந்து தச்சிருக்கலாம்," என்றாள் அந்தப் பெண். "அதைத்தான் தினமும் நெனச்சுக்குறேன்."

படியேறினார்கள். கைப்பிடி இடுப்பளவுதான் இருந்தது. குட்டி அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று மாடியும் சுவரை ஒட்டி ஒட்டியே ஏறினாள்.

மேலே, அறை வாசலில், ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி நின்றிருந்தார். தூங்கும்போதுகூட கையில் கோப்பு இருக்கும் என்று பேச்சு. அதனால் 'கோப்பு சார்'.

"வாங்கம்மா வாங்க. பயப்படாதீங்க. சின்ன வேலை." ஒரு தாளை நீட்டினார். அதில் தட்டச்சில் ஒரே ஒரு வரி. 'பொத்தான் இல்லாத கோட்டு எதுவும் அன்றைக்கு என்னிடம் வரவில்லை.'

"இதை அப்படியே சொன்னா போதும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"அதுதாங்க உண்மையும்."

"அப்புறம் என்ன?" கோப்பை இரண்டு விரலால் தட்டினார். "குட்டியோட ஹால் டிக்கெட் இதுக்குள்ளதான் இருக்கு. சாயங்காலம் நானே என் கையால தர்றேன். உங்க வீட்டுக்காரரும் பகல் ஷிஃப்ட் கேட்டிருந்தாரே, அதையும் பார்ப்போம்."

ஊசியக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பகல் ஷிஃப்ட் கேட்ட விஷயமே அவளுக்குத் தெரியாது.

*

கூண்டில் ஏறியதும் முதலில் அவள் கண்ணில் பட்டது, அந்த நான்கு டாக்டர்களில் ஒருவரான பெரிய டாக்டர்தான்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லாமல் சாம்பல் நிறச் சட்டையில் அவரைப் பார்ப்பது யாரோ வேறு ஆளைப் பார்ப்பது போல இருந்தது. அவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். நல்ல மனிதர் என்றுதான் பெயர். சலவைக்கூடத்துப் பக்கம் வந்தால் "என்ன ஊசியக்கா, சௌக்கியமா?" என்று கேட்காமல் போகமாட்டார். பயிற்சிப் பெண்களின் புகார்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். விடுதி வாசலில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. அதன் சாவி அவருடைய மேசை டிராயரில் இருப்பதாகவும், அதனால் அந்தப் பெட்டியில் யாரும் எதுவும் போடுவதில்லை என்றும் குட்டி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சிரிப்பு மட்டும் போட்டாளாம். என்ன எழுதினாள் என்று கேட்டதற்குக் குட்டி பேச்சை மாற்றிவிட்டாள்.

எதிர்க் கூண்டில் மேலேகீழே. பாதியாக இளைத்திருந்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்தார்.

"அந்தப் புதன்கிழமை பொத்தான் பிய்ந்த டாக்டர் கோட்டு எதுவும் உங்ககிட்ட வந்துச்சா?"

"வரலீங்க."

"சீட்டெல்லாம் பாத்தீங்களா?"

"மூணு தடவை பாத்தேங்க."

"நன்றி."

அவ்வளவுதான். பின் வரிசையில் கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் குட்டி கண்ணை மூடியிருந்தாள். ஊசியக்கா இறங்குவதற்குக் கூண்டின் கதவைத் தொட்டாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றது ஒரு குரல்.

வக்கீலம்மாவின் ஷூ நடக்கும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. அவர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"உங்களை எல்லாரும் ஊசியக்கான்னுதான் கூப்பிடுறாங்களாமே. கோவம் வராதா?"

"கத்திரின்னு கூப்பிடாம இருக்காங்களே, அதுவரைக்கும் சந்தோஷங்க."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கோட்டைப் பாத்தா, அதுல நீங்க தச்ச பொத்தான் எது, கடையில தச்சது எதுன்னு சொல்ல முடியுமா?"

"பாக்க வேணாங்க. தொட்டாலே போதும்." வாயிலிருந்து வந்த பிறகுதான், பஸ்ஸில் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"எப்படி?"

"கடையில மெஷின் தைக்கும். பொத்தான் துணியோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ரெண்டு சலவைக்குத் தாங்காது. நான் கழுத்து கட்டுவேங்க. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவுல நூலை நாலு சுத்து சுத்தி இறுக்குவேன். தலை மாதிரி கொஞ்சம் தூக்கி நிக்கும். துணி கிழிஞ்சாலும் பொத்தான் போகாது."

"ஆஸ்பத்திரியில வேற யாராவது அப்படித் தைப்பாங்களா?"

"நான் ஒருத்திதாங்க."

வக்கீலம்மா நீதிபதியைப் பார்த்தார். "நான்கு கோட்டுகளையும் சாட்சி தொட்டுப் பார்க்க அனுமதி வேண்டும்."

அரசு வக்கீல் எழுந்தார். "எதுக்கு? அந்த அம்மா பதினாறு வருஷமா தைக்கிறாங்க. எந்தக் கோட்டுலயும் அவங்க தச்ச பொத்தான் ஒண்ணாவது இருக்கும். எந்த நாள்ல தச்சதுன்னு பொத்தான் பேசவா போகுது?"

"பேசுதான்னு பார்ப்போமே," என்றார் நீதிபதி.

பழுப்புக் காகித உறைகள் வந்தன. ஊசியக்கா பின் வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

முதல் கோட்டு. ஐந்து பொத்தானும் தட்டை. மெஷின்.

இரண்டாவது. மேல் பொத்தான் அவள் தைத்தது. வெள்ளை நூல், பழசு, நைந்துபோய் மஞ்சளாகியிருந்தது.

மூன்றாவது. இரண்டு பொத்தான். அதுவும் பழசு.

நான்காவது கோட்டின் கழுத்துப்பட்டைக்கு உள்ளே சிவப்பு நூலில் 214 என்று நம்பர். பெரிய டாக்டருடையது. மேலிருந்து விரலை இறக்கினாள். ஒன்று, தட்டை. இரண்டு, தட்டை.

மூன்றாவது பொத்தான் தலை தூக்கி நின்றது.

கட்டைவிரல் நகத்தால் லேசாகத் தூக்கி அடியில் பார்த்தாள். கழுத்தில் நான்கு சுற்று. நூல் நீலமாக இருந்தது.

அறுவை அரங்குக் கவுன்களுக்குத்தான் நீல நூல். வெள்ளைக் கோட்டுக்கு அவள் அதைத் தொடவே மாட்டாள். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் தொட்டிருக்கிறாள்.

அன்றைக்குக் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு பயிற்சி நர்ஸின் ஏப்ரனில் கிழிந்த பையைத் தைத்தாள். வெள்ளை நூல் கண்டு அதோடு தீர்ந்தது, சில துண்டுகள்தான் மிச்சம். நூலை அவள் பல்லால் கடித்துத் துண்டிக்கும்போதுதான், சலவை மெஷின் பக்கமிருந்து யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். 'சிரிப்பு செத்துப்போயிட்டாளாம், நேத்து சாயங்காலமே.' கையிலிருந்த ஏப்ரனைப் பார்த்தாள். அது சிரிப்பினுடையது. இன்றைக்கும் அது அவள் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வாங்கிப்போக யாரும் வரவில்லை.

ஸ்டோரிலிருந்து புது வெள்ளை நூல் வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. அதுவரைக்கும், மேலே தெரிகிற துளைகளுக்கு மட்டும் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகள், அடியில் கழுத்துக்கு நீலம். அழுதுகொண்டே தைத்தாள். என்ன தைத்தாள், யார் கொண்டுவந்தது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அவள் நம்பியது சீட்டுக் கம்பியை. சீட்டு இல்லாமல் வந்ததைக் கம்பி எப்படிச் சொல்லும்?

சீட்டு இல்லாமல்.

அப்போதுதான் டீ ஞாபகம் வந்தது. இரண்டு கண்ணாடித் தம்ளர். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் சலவைக்கூடத்துக்குள் வராத மனிதர், அன்று காலை இரண்டு தம்ளர் டீயோடு வந்து நின்றார். அழாதே என்றார். தோளில் ஒரு வெள்ளைக் கோட்டு கிடந்தது. 'டாக்டரோடது. அவசரம். ஒரு பொத்தான்தான். சீட்டு அப்புறம் வரும்.'

தலையை நிமிர்த்திப் பின் வரிசையைப் பார்த்தாள்.

அவள் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். மிக மெல்ல, ஒரே ஒரு தடவை. வேண்டாம்.

"என்னம்மா?" என்றார் நீதிபதி.

ஊசியக்காவின் கட்டைவிரல் பொத்தானை மூடியிருந்தது. எடுத்தால் வெள்ளைக் கோட்டில் ஒரு வெள்ளைப் பொத்தான். அடியில் இருக்கிற நீலம் வேறு யார் கண்ணுக்கும் படாது. 'பழசுங்க, ஞாபகமில்லீங்க' என்றால் போதும். சாயங்காலம் ஹால் டிக்கெட். அடுத்த மாதம் பகல் ஷிஃப்ட். சொன்னால் கொலைக்கான தடயத்தைத் தைத்து மூடியவள் அவள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவள் புருஷன்.

பயிற்சிப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொத்தான் பிய்ந்தால் தேடி எடுத்து, தொலைந்துவிடாமல் கைக்குள் பொத்திக்கொண்டு, நேரே அவள் மேசைக்கு ஓடிவருவார்கள். மேசைக்கு எதிரே நின்று கையை விரிப்பார்கள். 'அக்கா, பொத்தான் கிடைச்சிடுச்சு!' சிரிப்பு எத்தனை தடவை அப்படி வந்து நின்றிருக்கிறாள். ஒருதடவை இரண்டு கையையும் நீட்டி, எந்தக் கையில் சொல்லுங்க என்று விளையாட்டு வேறு காட்டினாள்.

கடைசியாகவும் ஒரு பொத்தானைப் பொத்திப் பிடித்திருந்தாள். விரிக்க அவளால் முடியவில்லை.

ஊசியக்கா விரலை எடுத்தாள்.

"இது நான் தச்சதுங்க. அந்தப் புதன்கிழமை காலையில."

அறையில் சத்தம் எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார்.

"இப்பதான் எதுவும் வரலைன்னு சொன்னீங்க!" என்று கத்தினார் அரசு வக்கீல்.

"சீட்டோட எதுவும் வரலீங்க. நான் சீட்டை நம்பிட்டேன். அது என் தப்பு. தண்டனை எதுவானாலும் ஏத்துக்கிறேன்." கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நீல நூலைச் சொன்னாள். தீர்ந்துபோன வெள்ளை நூலைச் சொன்னாள். சிரிப்பின் ஏப்ரனைச் சொன்னாள். "மத்தியானம் மூணு மணிக்குத்தான் புது நூல் தந்தாங்க. ஸ்டோர் புத்தகத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாத்துக்கலாங்க."

கோட்டு நீதிபதியின் மேசைக்குப் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொத்தானைத் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீலம்தான்," என்றார்.

எதிர்க் கூண்டில் மேலேகீழே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் மட்டும் அசையவில்லை. முகத்திலிருந்த புன்னகை போய்விட்டிருந்தது, அவ்வளவுதான்.

கிறீச் கிறீச். வக்கீலம்மா கூண்டுக்கு மிக அருகில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சீட்டு இல்லாம இந்தக் கோட்டை உங்ககிட்ட கொண்டுவந்தது யாரும்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் விரலை எடுத்தாள். இருபத்தி மூன்று வருஷம். காய்ச்சலில் தலைமாட்டில் உட்கார்ந்தவர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒருநாளும் சொல்லாதவர்.

"என் வீட்டுக்காரருங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது.

"அவர் இங்கே இருக்கிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

பின் வரிசையில் ஆம்புலன்ஸ் சீருடை எழுந்து நின்றது.

"சாட்சியாக வரவேண்டியவர் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளியே இருங்கள். எங்கும் போகக் கூடாது. மத்தியானம் உங்களை விசாரிக்கிறேன்." ஒரு காவலரைக் காட்டினார். "கூடப் போங்கள்."

அவர் நடந்து வந்தார். வெளியே போகிற வழி கூண்டை ஒட்டித்தான் இருந்தது. ஊசியக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாடையில் காலையில் வெட்டிக்கொண்ட இரண்டு கீறல்கள்தான் தெரிந்தன. அவர் கூண்டருகே ஒரு நொடி நின்றார்.

"உம்மேல கோவமில்ல," என்றார் மெதுவாக. "ஆனா அந்தக் கோட்டை எங்கிட்ட குடுத்தது டாக்டர் இல்ல."

"பின்ன?"

"நடங்க," என்றார் காவலர்.

அவர் கழுத்தை மட்டும் திருப்பி, தான் எழுந்து வந்த பின் வரிசையைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர் முகத்திலிருந்த ரத்தம் முழுக்க வடிந்தது. ஊசியக்காவும் திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சின் மேல் குட்டியின் தோள்பை கிடந்தது. குட்டி இல்லை.

அதற்கு இரண்டு வரிசை முன்னால், கோப்பு சார் உட்கார்ந்திருந்த இடமும் காலியாக இருந்தது.

அறைக் கதவு அப்போதுதான் யாரோ தள்ளிவிட்டுப் போனதுபோல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் படிக்கட்டு. இடுப்பளவுக் கைப்பிடி.

"குட்டி!" என்று ஊசியக்கா கத்திய கத்தலில் கூண்டே அதிர்ந்தது.